பனிக்காலமும் பச்சிளங்குழந்தையும்

சேலத்தையும் நாமக்கல்லையும் பற்றிப் பேசுகிறவர்கள் குளிர் என்ற சொல்லை எடுப்பதில்லை. மாம்பழம், மரவள்ளிக் கிழங்கு, முட்டை, லாரி, வெயில் என்றுதான் எங்கள் ஊர்களை உலகம் அறியும். சித்திரை மாதத்தில் எங்கள் தார்ச்சாலைகளில் வெறுங்காலுடன் நடந்து பார்த்தவர்கள், இந்தச் சமவெளியில் குழந்தைகளைக் குளிரிலிருந்து காப்பதைப் பற்றி ஒரு பேச்சா என்று வியப்படையக்கூடும். ஆயினும், மாணவ நண்பர்களே, நம் முன்னோர் ஓர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தபோது, வேனிலுக்கு இரண்டு பங்கு கொடுத்ததைப் போலவே பனிக்கும் இரண்டு பங்கு கொடுத்தார்கள். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. காரணமின்றியா அவ்வாறு பகுத்திருப்பார்கள்?

எங்கள் நில அமைப்பைச் சற்றே கவனியுங்கள். சேலம் நகரம் மலைகளுக்கு நடுவே ஒரு தாம்பாளம்போல் கிடக்கிறது. வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை, வடகிழக்கே சேர்வராயன் மலைத்தொடர். 1997ஆம் ஆண்டு வரை சேலம் மாவட்டத்தோடு ஒன்றாயிருந்த நாமக்கல் பகுதிக்கோ கொல்லிமலை அரணாக நிற்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்தபின், பகலில் நிலம் வாங்கிய வெப்பம் இரவில் தடையின்றி விண்ணை நோக்கி வெளியேறுகிறது. அதைத் தடுத்து நிறுத்த மேகம் என்னும் போர்வை அப்போது இல்லை. குளிர்ந்த காற்று கனமானது. ஆகவே அது மலைச்சரிவுகளில் தண்ணீரைப் போல் வழிந்து இறங்கிப் பள்ளமான இடங்களில் தேங்குகிறது. மார்கழி விடியற்காலையில் மேட்டுத் தெருவிலிருந்து ஏரிக்கரைப் பள்ளத்திற்குச் சைக்கிளில் இறங்குகிறவன் இந்த வேறுபாட்டைத் தன் காது மடல்களிலேயே உணர்வான். அந்நேரத்தில் வெப்பமானி 20 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்குவது எங்கள் பக்கத்தில் அருமையான நிகழ்ச்சி அன்று.

மலைமேல் இன்னும் குளிர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் உள்ளது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர். ஆகவே இருபது கொண்டைஊசி வளைவுகளை ஏறி முடிப்பதற்குள் ஏழெட்டு டிகிரியை இழந்துவிடுகிறோம். எழுபது வளைவுகளைக் கடந்து கொல்லிமலைமேல் செல்வோரும் இப்படியே. மலைப்பகுதி அரசுப் பள்ளிகளில் சத்துணவு உண்ணும் குழந்தைகளுக்குக் கம்பளிச் சட்டை வழங்கும் திட்டம் தமிழ்நாட்டில் உண்டு. நல்ல ஏற்பாடு. மலையில் குளிர் கண்ணுக்குத் தெரிகிறது. பேசினால் வாயிலிருந்து புகை வருகிறது. ஆகவே மலைவாழ் தாய்மார் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். சமவெளியிலோ பெரியவர்களுக்கு ஒரு துண்டைப் போர்த்தினால் போதும். 'இது ஒரு குளிரா?' என்று நாம் கேட்டுவிட்டுப் போகிறோம். நமக்கு இது குளிர் அன்று என்பது உண்மை. ஆனால் நேற்றுப் பிறந்த குழந்தைக்கு?

இந்த வினாவிற்கு விடை காண வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு பெரிய சொம்பிலும் ஒரு சிறிய டம்ளரிலும் ஒரே அடுப்பில் காய்ந்த வெந்நீரை ஊற்றி, அருகருகே வைத்துவிடுங்கள். கால் மணி நேரம் கழித்து இரண்டிலும் விரலை விட்டுப் பாருங்கள். டம்ளர் நீர் முன்னதாக ஆறியிருக்கும். காரணம் கணிதத்தில் இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்திற்குக் கன அளவு 1, புறப்பரப்பு 6. பக்கத்தை இரண்டு சென்டிமீட்டர் ஆக்கினால் கன அளவு 8, புறப்பரப்போ 24. முன்னதில் ஒரு பங்கு பொருளுக்கு ஆறு பங்கு தோல். பின்னதில் மூன்று பங்கு தோல்தான். பொருள் சிறியதாகச் சிறியதாக, வெப்பம் வெளியேறும் வாயில் அகலமாகிறது. மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் தோலை விரித்தால் ஏறக்குறைய 2000 சதுர சென்டிமீட்டர் இருக்கும். அறுபது கிலோ எடையுள்ள ஆளின் தோல் சுமார் 17,000. எடையில் நாம் அக்குழந்தையைப் போல் இருபது மடங்கு. தோலில் எட்டரை மடங்குதான். அதுவும் அந்தக் குழந்தை பிறக்கும்போது நீரில் நனைந்தபடி பிறக்கிறது. தோலின்மேல் உள்ள ஈரம் ஆவியாகும்போது, ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை உடலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மண்பானை நீரைக் குளிரச் செய்யும் அதே நியதி இங்கே உயிருக்குப் பகையாகிறது.

உலகச் சுகாதார நிறுவனம் 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி நூல் ஒன்று இதை ஓர் ஒப்பீட்டால் விளக்கியது. உடையில்லாத பச்சிளங்குழந்தை 23 டிகிரி வெப்பமுள்ள அறையில் இழக்கும் வெப்பம், உடையில்லாத பெரிய மனிதர் ஒருவர் சுழி டிகிரியில், அதாவது நீர் பனிக்கட்டியாகும் நிலையில், இழக்கும் வெப்பத்திற்குச் சமம். நேயர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். 23 டிகிரி நமக்கு இதமான காலை. தேநீர் அருந்திக்கொண்டே திண்ணையில் அமர்ந்து செய்தித்தாள் படிக்கும் காலை. அதே திண்ணையில் ஈரத்தோடு கிடத்தப்பட்ட சிசுவிற்கு அது இமயமலை.

பெரியவர்கள் குளிரில் நடுங்குகிறோம். நடுக்கம் என்பது தசைகள் ஆடி வெப்பம் உண்டாக்கும் தந்திரம். பச்சிளங்குழந்தைக்கு அந்தத் தந்திரம் சரிவரக் கைவருவதில்லை. அதற்குப் பதிலாகக் கழுத்தைச் சுற்றியும் தோள்பட்டைகளின் நடுவிலும் பழுப்பு நிறமான ஒருவகைக் கொழுப்பை இயற்கை வைத்திருக்கிறது. குளிர் தாக்கினால் அக்கொழுப்பு எரிந்து வெப்பம் தருகிறது. குறைமாதக் குழந்தைக்கு இந்தச் சேமிப்பும் மிகக் குறைவு. குளிர்ந்த குழந்தை உடலிலுள்ள சர்க்கரையையும் பிராணவாயுவையும் வேகமாகச் செலவிடுகிறது, சோர்ந்துபோகிறது, பால் குடிக்க வலுவில்லை, பால் இல்லையேல் எரிபொருள் இல்லை, எரிபொருள் இல்லையேல் மேலும் குளிர்கிறது. அழக்கூட வலுவின்றி அது அமைதியாகக் கிடப்பதைப் பார்த்து, 'சமர்த்தாகத் தூங்குகிறது' என்று வீட்டார் மகிழ்ந்துவிடுவதுதான் இதில் பெரிய ஆபத்து.

இந்தப் பாடத்தை எங்கள் நாமக்கல் மக்களுக்கு நான் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. கோழிப்பண்ணை வைத்திருக்கும் எவரும் இதை அறிவார். முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு மெல்லிய தூவி உண்டு, இறகு இல்லை. தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் சில நாள்களுக்கு அதற்கு வருவதில்லை. ஆகவே தரையில் உமியைப் பரப்பி, சுற்றிலும் தகட்டால் வட்டமான தடுப்பு அமைத்து, மேலே பல்பையோ எரிவாயு வெப்பானையோ தொங்கவிட்டு, பக்கங்களில் படுதா கட்டி, முதல் வாரம் சுமார் 35 டிகிரி வெப்பம் கொடுக்கிறார்கள். பின்னர் வாரத்திற்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வருகிறார்கள்.

ஒருமுறை ஒன்பதாம் வகுப்பில் வெப்பநிலைப் பாடம் நடத்தும்போது, பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவனை எழுப்பி, 'உங்கள் கொட்டகையில் வெப்பமானி எங்கே மாட்டியிருக்கிறது?' என்று கேட்டேன். 'மாட்டியிருக்குங்க சார், ஆனா அதை யாருங்க பார்க்கிறது? குஞ்சைப் பார்த்தாலே தெரியுமுங்க' என்றான். குஞ்சுகள் பல்பின் கீழ் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கத்தினால் குளிர். தடுப்பின் ஓரத்திற்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு. வட்டம் முழுவதும் பரவித் தீனி தின்றால் சரி. ஒரு பக்கமாக மட்டும் ஒதுங்கினால் எங்கோ படுதாவில் கிழிசல், காற்று புகுகிறது. வகுப்பு முழுவதற்கும் அன்று அவன்தான் ஆசிரியன். விற்பனைக்குரிய குஞ்சை இவ்வளவு நுட்பமாகக் கவனிக்கும் நாம், வீட்டுத் தொட்டிலையும் அதே கண்ணோடு பார்க்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

கோழிக் குஞ்சிலிருந்து குழந்தைக்குப் பாடம் கற்பது என் கற்பனையும் அன்று. மருத்துவ வரலாற்றில் அப்படியே நடந்திருக்கிறது. பாரிஸ் நகரில் தார்னியே என்ற மகப்பேற்று மருத்துவர் இருந்தார். அவர் 1878ஆம் ஆண்டில் அந்நகரத்து விலங்குக் காட்சிச்சாலையில் முட்டைகளைப் பொரிக்கவைக்கும் வெப்பப் பெட்டிகளைக் கண்டார். அவற்றைச் செய்த மார்த்தான் என்பவரிடமே சொல்லி, குறைமாதக் குழந்தைகளுக்கும் அத்தகைய பெட்டி ஒன்றைச் செய்வித்தார். மரப்பெட்டி, கீழே வெந்நீர், மேலே குழந்தைகள். 1880ஆம் ஆண்டில் அது பாரிஸ் மகப்பேறு மருத்துவமனையில் பயன்பாட்டிற்கு வந்தது. இரண்டு கிலோவிற்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 66 பேர் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு நூற்றுக்கு 38 ஆகக் குறைந்ததாக அங்கே கணக்கிட்டார்கள். புதிய மருந்து எதுவும் கொடுக்கவில்லை. கொடுத்தது வெதுவெதுப்பு மட்டுமே. இன்று மருத்துவமனைகளில் நாம் காணும் இன்குபேட்டருக்கு அதுவே பாட்டி.

ஆனால் இன்குபேட்டருக்கு விலை உண்டு, மின்சாரம் வேண்டும், பழுதுபார்க்க ஆள் வேண்டும். தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகரான பொகோட்டாவில் ஒரு மருத்துவமனையில் குழந்தைகள் மிகுதி, பெட்டிகள் குறைவு. ஒரே பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கிடத்தவேண்டி வந்தது. ஒன்றன் நோய் மற்றொன்றைப் பற்றியது. 1978ஆம் ஆண்டில் எட்கர் ரேய் என்ற மருத்துவர், பெட்டிக்குப் பதிலாகத் தாயின் மார்பையே பயன்படுத்தத் துணிந்தார். குழந்தையை உடையின்றி, அரைத்துணியும் குல்லாயும் மட்டும் அணிவித்து, தாயின் வெறும் மார்பின்மேல் நிமிர்ந்தவாறு படுக்கவைத்து, மேலே துணியால் கட்டிவிடுவது. கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பதுபோல் இருப்பதால் 'கங்காரு முறை' என்று பெயர் வந்தது. தாயின் உடல் 37 டிகிரியை விடாது தருகிறது, மின்வெட்டு இல்லை, அருகிலேயே பாலும் உண்டு.

'ஏழை நாட்டின் மாற்று ஏற்பாடு' என்று இதனை இளக்காரமாகக் கருதியோர் இருந்தனர். அந்தக் கருத்தைப் பின்னர் வந்த ஆராய்ச்சி மாற்றிவிட்டது. இந்தியாவும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் சேர்ந்து நடத்திய ஆய்வு ஒன்று 2021ஆம் ஆண்டில் வெளிவந்தது. நம் நாட்டில் தில்லி சப்தர்ஜங் மருத்துவமனை அதில் பங்குகொண்டது. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவிற்குள் எடையுள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவிற்கு, உடல்நிலை சீரானபிறகு கங்காரு முறை. மற்றொரு பிரிவிற்குப் பிறந்தவுடனேயே. 28 நாள்களுக்குள் முதற்பிரிவில் ஆயிரத்துக்கு 157 குழந்தைகள் இறந்தன. இரண்டாம் பிரிவில் 120. பயன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததனால் ஆய்வைக் குறித்த காலத்திற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடனே இம்முறையைத் தொடங்கவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது.

என் தங்கையின் பேரன் ஒரு மார்கழியில் குறைமாதத்தில் பிறந்தான். எடை 1,700 கிராம். செவிலியர் குழந்தையைத் தாயின் மார்பில் கட்டியபோது தங்கைக்கு மனம் ஒப்பவில்லை. 'பச்சை உடம்புக்காரி, அவளே படுத்திருக்கிறாள், அவள்மேல் பிள்ளையை ஏற்றுவதா?' என்று முணுமுணுத்தாள். தாய் களைத்த வேளையில் யார் சுமப்பது என்ற கேள்வி எழுந்தது. தந்தையும் சுமக்கலாம் என்றார் செவிலியர். எங்கள் வீட்டு மாப்பிள்ளை லாரி ஓட்டுபவர். நாமக்கல்லிலிருந்து நாக்பூர் வரை கண் சோராமல் வண்டி ஓட்டக்கூடியவர். சட்டையைக் கழற்றி நாற்காலியில் சாய்ந்தபோது அவர் கைகள் நடுங்கியதை நான் பார்த்தேன். முதல் நாள் அரை மணி. பிறகு இரண்டு மணி, மூன்று மணி. மூச்சைக்கூட மெதுவாக விட்டார். அந்தப் பையன் இப்போது பள்ளிக்குச் செல்கிறான்.

இனி வீட்டுப் பழக்கங்களுக்கு வருகிறேன். பிறந்த குழந்தையை உடனே குளிப்பாட்டுவது பல வீடுகளில் வழக்கமாயிருந்தது. தோலின்மேல் உள்ள வெண்மையான பூச்சை அழுக்கு என்று எண்ணித் தேய்த்தார்கள். அது அழுக்கன்று; இயற்கை கொடுத்த காப்பு. உலர்ந்த துணியால் ஒற்றித் துடைத்து, நனைந்த துணியை உடனே மாற்றி, தாயோடு சேர்ப்பதுதான் முதல் வேலை. முதல் குளியலைக் குறைந்தது ஒரு நாளாவது தள்ளிப் போடவேண்டும். எடை குறைந்த குழந்தைக்கு இன்னும் பல நாள்கள். பிறகு குளிப்பாட்டும்போதும் விடியற்காலை வேண்டாம். வெயில் ஏறிய பிறகு, காற்று வராத அறையில், விரைவில் முடிக்கலாம்.

குளித்த குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவதும் நம் பக்கத்து மரபு. தலையில் ஈரம் நிற்கக் கூடாது என்ற பாட்டிமாரின் எண்ணம் முற்றிலும் சரியானது. சிசுவின் உடம்பில் தலையே பெரும்பகுதி. ஈரத்தலை வழியாக வெப்பம் மிகுதியாகப் போகும். ஆனால் அந்த ஈரத்தைப் போக்க ஒரு நல்ல பருத்தித் துண்டு போதும். புகை பிஞ்சு நுரையீரலை வருத்தும். இதனினும் கொடியது மூடிய அறையில் கரி நெருப்பு வைப்பது. அரைகுறையாக எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு வெளிவருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். உறங்கியவர் விழிப்பதில்லை. குளிருக்குக் கணப்பு மூட்டிக் கதவை அடைக்கும் பழக்கம் அறவே ஆகாது. வெந்நீர்ப் புட்டியைக் குழந்தையின் பக்கத்தில் வைப்பதும் மெல்லிய தோலைச் சுட்டுவிடும்.

உடையைப் பற்றி ஒரு சொல். போர்வை சூடு தருகிறது என்கிறோம். உண்மையில் எந்தப் போர்வையும் சூடு தருவதில்லை. உடம்பின் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. அதையும் நூலைவிட நூலுக்கிடையே சிறைப்பட்ட காற்றுதான் செய்கிறது. குளிரில் நடுங்கியதாக எண்ணி மயிலுக்குப் போர்வை அளித்த பேகனை நாம் அறிவோம். எங்கள் கொல்லிமலையை ஆண்ட ஓரியைப் போலவே அவனும் கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் அருளை வணங்குகிறேன். எனினும் அறிவியல் ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. மயிலின் இறகுகளுக்கிடையே தங்கும் காற்றே மயிலுக்கு முதல்தரமான போர்வை! எங்கள் மேச்சேரி ஆட்டுக்கோ அந்த வசதிகூட இல்லை. அதற்குக் குட்டையான முடிதான், கத்தரிக்கும் கம்பளி கிடையாது. வெயில் நாட்டு ஆடு வேறு எப்படி இருக்கும்? ஆகவே கம்பளிக்கு நாம் வெளியூரை நோக்கவேண்டும் என்று கவலைப்பட வேண்டாம். சமவெளிக் குளிருக்குப் பருத்தியே போதும், அடுக்காக உடுத்தினால். தடித்த சட்டை ஒன்றைவிட மெல்லிய சட்டை இரண்டு மேல். இடையில் ஒரு காற்றுப் படலம் கூடுதலாகக் கிடைக்கிறது. குமாரபாளையம், பள்ளிபாளையம் தறிகளின் துண்டும், பாட்டியின் பழைய நூல்புடவையும் குழந்தைக்கு மிகச் சிறந்த உடைகள். நாம் உடுத்தியிருப்பதைவிட ஓர் அடுக்கோ இரண்டு அடுக்கோ மிகுதியாக உடுத்தி, தலைக்கும் காலுக்கும் உறை இடவேண்டும். துணி நனைந்தால் பருத்தியின் பயன் போய்விடும், உடனே மாற்றவேண்டும். முகத்தை மட்டும் ஒருபோதும் மூடக்கூடாது. வியர்க்கும்வரை சுற்றிவைப்பதும் தவறே; பண்ணையில் ஓரத்திற்கு ஓடும் குஞ்சைப் போல் அது எழுந்து ஓட முடியாதல்லவா? தூளியில் தூங்கவைக்கும் வீடுகளில், கீழிருந்து காற்று ஏறுவதை மறந்துவிடுகிறார்கள். முதுகின் கீழே மடித்த துணி ஒன்று வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஓடியாடும் உடம்பு தன்னைத் தானே காத்துக்கொள்ளும். காலை உணவு உண்டு வரும் பிள்ளைக்குக் குளிர் தாங்கும். வெறும் வயிற்றோடு வருகிறவன் முதல் பாடவேளை முழுதும் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நான் தலைமையாசிரியராக இருந்த மலையடிவாரப் பள்ளியில், மார்கழி பிறந்ததும் இறைவணக்கக் கூட்டத்தைக் கட்டடத்தின் நிழலிலிருந்து கிழக்கு வெயிலுக்கு மாற்றுவோம். சின்ன வகுப்புகளை முன்வரிசையில் நிறுத்துவோம். பனியில் நடப்பதனால் சளி உண்டாவதில்லை. சளியை உண்டாக்குவது வைரஸ். ஆயினும் குளிருக்காகச் சன்னல்களை எல்லாம் அடைத்து ஐம்பது பேரை நெருக்கி உட்காரவைத்தால் அந்த வைரசுக்கு நாமே வண்டி கட்டிக் கொடுத்தவர்கள் ஆவோம்.

பச்சிளங்குழந்தைக்குக் குளிர்கிறதா என்பதை அறிய வெப்பமானி இல்லையென்றாலும் உங்கள் கை இருக்கிறது. அக்குளில் வெப்பமானி வைத்தால் 36.5 டிகிரிக்கும் 37.5 டிகிரிக்கும் இடையே இருக்கவேண்டும். கையால் பார்ப்பதானால், முதலில் உங்கள் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, புறங்கையைக் குழந்தையின் வயிற்றிலும் பாதத்திலும் வைத்துப் பாருங்கள். வயிறும் பாதமும் வெதுவெதுப்பாக இருந்தால் குழந்தை நலம். வயிறு வெதுவெதுப்பாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குழந்தை குளிரோடு போராடத் தொடங்கிவிட்டது. உடனே தாயின் மார்போடு சேர்த்து, மேலே போர்த்தி, பால் கொடுக்கவேண்டும். வயிறும் பாதமும் இரண்டுமே சில்லென்றிருந்தாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், அழுகுரல் தேய்ந்தாலும், அது வெறும் குளிராக இல்லாமல் உள்ளே நோய்த்தொற்றின் அறிகுறியாகவும் இருக்கலாம். 108க்குச் சொல்லி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வண்டி வரும்வரையிலும், வண்டியில் செல்லும்போதும், குழந்தை துணிமூட்டையாகக் கையில் இருக்க வேண்டாம். தாயின் சேலைக்குள், மார்போடு மார்பாக இருக்கட்டும்.